போனைக் கட்டுக்குள் கொண்டுவருவது எப்படி: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் விடுவது

போன் பார்ப்பதைக் குறைக்க நினைக்கிறவர்களில் பெரும்பாலோர் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு வெறுத்துப்போய் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் எல்லாவற்றையும் அழிப்பார்கள், போனை சைலன்ட்டில் போடுவார்கள். செவ்வாய்க்கிழமை ஊரிலிருந்து அப்பா கூப்பிட்டது தெரியாமல் போகும். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கீழே நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார். புதன்கிழமை எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

இதற்கு மன உறுதியைக் குறை சொல்லிப் பயனில்லை. தப்பு வரிசையில் இருக்கிறது. சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், கூட வேலை பார்க்கிறவர்கள் என்று பலருடைய போனைக் கூட உட்கார்ந்து மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அதில் நிலைத்து நின்றவர்கள் போன வழி ஒன்றுதான். எது வந்தே ஆக வேண்டும் என்று முதலில் முடிவு செய்தார்கள். அதற்கு வழியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் மற்றதை அடைத்தார்கள். தாங்களாகப் போய்த் திறக்கிற ஆப்களைத் தொட்டது அதற்கும் பிறகு.

கீழே இருப்பது அந்த வரிசை. ஆண்ட்ராய்டை வைத்து எழுதியிருக்கிறேன், ஐபோனில் மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்கிறேன். மெனுவின் பெயரும் இடமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தேடி அலைய வேண்டாம். செட்டிங்ஸைத் திறந்தால் மேலேயே தேடும் பெட்டி இருக்கிறது, வேண்டிய சொல்லை அதில் அடித்தால் போதும்.

1. ஆரம்பிப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

யாரும் தொந்தரவு செய்யாத ஒரு மணி நேரம். பஸ்ஸில் நின்றுகொண்டு செய்கிற வேலை இல்லை இது. பாதியில் விட்டால் எதை மாற்றினோம், எதை மாற்றவில்லை என்று குழம்பிவிடும்.

ஒரு சின்ன நோட்டும் பேனாவும். மாற்றுகிற ஒவ்வொன்றையும் ஒரு வரி எழுதி வையுங்கள். பத்து நாள் கழித்து ஏதோ ஒரு மெசேஜ் வரவில்லை என்றால் எங்கே போய்ப் பார்ப்பது என்று தெரிய அந்த நோட்டுதான் உதவும். அதைப் போனிலேயே எழுதி வைத்தால், குறிப்பைப் பார்க்கப் போய் வேறெதையாவது பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மேஜை அலாரம் கடிகாரம் ஒன்று. சாதாரணமானது போதும். எதற்கு என்று 9-வது பகுதியில் வரும், ஆனால் இப்போதே வாங்கி வையுங்கள். கடிகாரம் இல்லாத ஒரே காரணத்தால் அந்தப் பகுதியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிற வீடுகள் நிறைய.

வாட்ஸ்அப் பேக்கப். இந்த வேலையில் வாட்ஸ்அப்பை அழிக்கப் போவதில்லை. ஆனாலும் புதிதாகச் செய்கிறவர்கள் தடுமாறி அழித்துவிடுவது உண்டு. பேக்கப் இல்லாமல் அழித்தால் பழைய சாட் திரும்பி வராது.

2. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் பாருங்கள்

செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங் என்று தேடுங்கள். ஐபோனில் ஸ்கிரீன் டைம். ஒவ்வொரு ஆப்பிலும் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பது உள்ளே தெரியும். எல்லோரும் அந்த மொத்த நேரத்தைப் பார்த்து அதிர்ச்சியாகி மூடிவிடுகிறார்கள். அதைவிட முக்கியமான கணக்கு வேறு இரண்டு இருக்கின்றன: ஒரு நாளில் எத்தனை நோட்டிஃபிகேஷன் வந்தது, எத்தனை முறை போனைத் திறந்தீர்கள்.

மொத்த நேரம் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மூன்று மணி நேரம் என்று காட்டும். அதில் ஒன்றரை மணி நேரம் மேப் போட்டு வண்டி ஓட்டியதாக இருக்கலாம், சமையல் செய்துகொண்டே கேட்ட கச்சேரியாக இருக்கலாம். ஆனால் திறந்த எண்ணிக்கை அதிகமாக இருந்தால் செய்கிற வேலை துண்டு துண்டாகிறது என்று அர்த்தம். ஐபோனில் போனை எடுத்ததும் முதலில் திறந்த ஆப் எது என்றுகூடக் காட்டும். எந்த ஆப் உங்களை இழுக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இந்த ஒரு வாரத்தை யாரும் பொறுமையாக இருந்து கடப்பதில்லை. முதல் நாளே மாற்ற ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு வாரம் ஏன் என்றால், திங்கட்கிழமை போன் வேறு, ஞாயிற்றுக்கிழமை போன் வேறு. இரவு ஷிஃப்ட் பார்க்கிறவருக்கு இன்னும் வேறு. எந்த நேரத்தில் கை தானாகப் போகிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். குக்கரில் மூன்று விசில் வருவதற்குள், சிக்னலில், பிள்ளை டியூஷன் விட்டு வரும்வரை வாசலில் நிற்கும்போது. 10-வது பகுதிக்கு இந்தக் குறிப்புதான் அடிப்படை.

3. வந்தே ஆக வேண்டியவை எவை

நோட்டில் ஒரு பக்கம் எடுத்து எழுதுங்கள். கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: 'இது வந்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஏதாவது கெட்டுப்போகுமா?'

கெட்டுப்போகும் என்று சொல்லத்தக்கவை மிகக் குறைவு. அம்மா அப்பா, கணவன் மனைவி, பிள்ளையின் பள்ளி, நேரடி மேலதிகாரி ஆகியோரின் அழைப்பு. வங்கியிலிருந்து பணம் போனதைச் சொல்கிற எஸ்எம்எஸ். ஓடிபி. சிலிண்டர் வாங்கும்போது டெலிவரிக்காரரிடம் சொல்ல வேண்டிய எண்ணும் எஸ்எம்எஸ்ஸில்தான் வருகிறது. நீங்களே புக் செய்த வண்டி, நீங்களே ஆர்டர் செய்த சாப்பாடு எங்கே வருகிறது என்பது. இவ்வளவுதான் பலருக்கு.

தொழிலே போனில் நடக்கிறவர்களுக்குப் பட்டியல் மாறும். ஆட்டோ, டாக்ஸி ஓட்டுகிறவர்கள், டெலிவரி செய்கிறவர்கள் அந்த ஆப்பின் சத்தத்தைத் தொடவே கூடாது. அவர்கள் குறைக்க வேண்டியது மற்ற எல்லா ஆப்பையும். அப்போதுதான் சவாரி வந்த சத்தம் தனியாகக் காதில் விழும்.

இங்கே எல்லோரும் செய்கிற தப்பு, 'எதற்கும் இருக்கட்டும்' என்று சேர்த்துக்கொண்டே போவது. பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டினால் அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்.

4. அவசர வழியை முதலில் திறந்து வையுங்கள்

பட்டியலில் இருக்கும் மனிதர்களின் எண்களுக்கு கான்டாக்ட்ஸில் நட்சத்திரம் போடுங்கள். பிறகு செட்டிங்ஸில் டூ நாட் டிஸ்டர்ப் என்று தேடி (போட்டால் நீங்கள் அனுமதித்ததைத் தவிர மற்றவற்றின் சத்தத்தை அடக்கிவிடும் வசதி), அழைப்புகள் பகுதியில் நட்சத்திரம் போட்டவர்களுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறவர்களை அனுமதிக்கும் ஸ்விட்சும் பக்கத்திலேயே இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள். ஆண்ட்ராய்டில் ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாவது கால் வந்தால் சத்தம் கேட்கும். ஐபோனில் அந்த இடைவெளி 3 நிமிடம்.

அப்புறம் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: 'அவசரம்னா சாதாரண நம்பர்ல கூப்பிடுங்க. எடுக்கலைன்னா உடனே இன்னொரு தடவை கூப்பிடுங்க. வாட்ஸ்அப் கால் வேண்டாம்.' இந்த அமைப்பில் சாதாரண அழைப்பை நம்பலாம், வாட்ஸ்அப் அழைப்பை அந்த அளவுக்கு நம்ப முடியாது. துபாய், சிங்கப்பூர் என்று வெளிநாட்டில் இருப்பவர்கள் வாட்ஸ்அப்பில்தான் பேசுவார்கள் என்றால், அவர்களோடு ஒரு நேரத்தைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

சொல்லி முடித்ததும் சோதித்துப் பாருங்கள். டூ நாட் டிஸ்டர்ப் போட்டுவிட்டு மனைவியின் போனிலிருந்து ஒருமுறை, நட்சத்திரம் போடாத ஓர் எண்ணிலிருந்து ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். முதலாவது அடிக்க வேண்டும், இரண்டாவது அடிக்கக் கூடாது. கண்ணால் பார்த்தால்தான் மனசு நம்பும். நம்பிக்கை வந்தால்தான் இரவில் 'யாராவது கூப்பிட்டிருப்பார்களோ' என்று எடுத்து எடுத்துப் பார்ப்பது நிற்கும்.

டூ நாட் டிஸ்டர்ப் என்பது இரவுக்கும், நீங்களே ஒதுக்கும் வேலை நேரத்துக்கும் மட்டும். பகலில் ரிங்டோனை முழுச் சத்தத்தில் வையுங்கள். கூரியர்காரர், பிளம்பர், பள்ளி வேன் ஓட்டுநர் என்று தெரியாத எண்ணிலிருந்து கூப்பிடுகிறவர்கள் நமக்கு நிறைய. கால் சத்தமாக இருக்கட்டும், மற்றவை வாயை மூடட்டும். இப்படி வைத்தால் பாக்கெட்டில் போன் அடித்தாலே ஒரு மனிதர் பேச நினைக்கிறார் என்று அர்த்தமாகிவிடும்.

5. நோட்டிஃபிகேஷனை நிறுத்துவது

மொத்தத்தில் நல்ல பலன் தருவது இந்தப் படிதான். அவசரப்படாமல் செய்யுங்கள்.

செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ், ஆப் பட்டியல் என்று போங்கள். அதிகம் அனுப்புகிறவை மேலே வருகிற மாதிரி வரிசைப்படுத்தும் வசதி பல போன்களில் இருக்கிறது. மேலிருந்து ஒவ்வொன்றாக வாருங்கள். உங்கள் பட்டியலில் இல்லாத ஆப் என்றால் முழுசாக அணைத்துவிடுங்கள். விளையாட்டு, ஷாப்பிங், செய்தி, கிரிக்கெட் ஸ்கோர், ஃபோட்டோ எடிட் செய்வது, கால்குலேட்டர். கால்குலேட்டர்கூட நோட்டிஃபிகேஷன் கேட்கும் காலம் இது.

சில ஆப்கள் பாதி வேண்டும், பாதி வேண்டாம் என்று இருக்கும். பணம் அனுப்பும் ஆப்தான் இதற்கு நல்ல உதாரணம். பணம் வந்தது, போனது தெரிய வேண்டும். 'உங்களுக்கு லோன் தயார்', 'ஸ்கிராட்ச் கார்டு காத்திருக்கிறது' என்பவை வேண்டாம். ஆண்ட்ராய்டு 8 வந்த 2017-லிருந்து ஒரே ஆப்பின் நோட்டிஃபிகேஷன்களை வகை வகையாகப் பிரித்து அணைக்க முடிகிறது. தேவையில்லாத ஒன்று வரும்போது அதைத் தள்ளிவிடாமல், அழுத்திப் பிடித்துச் செட்டிங்ஸுக்குப் போங்கள். அது எந்த வகையில் வந்தது என்று அங்கே தெரியும். அந்த வகையை மட்டும் அணையுங்கள். சில ஆப்கள் விளம்பரத்தையும் பணம் வந்த செய்தியையும் ஒரே வகையில் போட்டு அனுப்பும். அப்படியென்றால் முழுசாக அணைத்துவிட்டு வங்கியின் எஸ்எம்எஸ்ஸை நம்புவதே மேல்.

ஐபோனில் இப்படி வகை பிரிக்கும் வசதி அந்தந்த ஆப்புக்குள் இருந்தால்தான் உண்டு. அதற்குப் பதில் ஷெட்யூல்டு சம்மரி என்று ஒன்று இருக்கிறது. அவசரமில்லாதவற்றைச் சேர்த்து வைத்து நீங்கள் சொல்லும் நேரத்தில் மொத்தமாகக் கொடுக்கும். மதியம் ஒன்று, மாலை ஒன்று போதும்.

ஆப்பின் மேல் வரும் புள்ளி, எண் இவற்றையும் அணைத்துவிடுங்கள். சத்தம் நின்றாலும் அந்தச் சிவப்புப் புள்ளி இருக்கும்வரை விரல் சும்மா இருக்காது. சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு 'ஒன்றும் மாறவில்லையே' என்று சொல்கிறவர்களின் போனை வாங்கிப் பார்த்தால் ஏறக்குறைய எப்போதும் இந்தப் புள்ளிகள் அப்படியே இருக்கும்.

கண்ணில் படாத இன்னொரு வாசல் பிரவுசர். எப்போதோ ஒரு செய்தித் தளத்தில் 'அலோ' என்று அழுத்தியிருப்போம். அதிலிருந்து வருவது குரோம் பெயரில் வரும், எந்த ஆப் என்று பிடிபடாது. 'உங்கள் போனில் வைரஸ்' என்று பயமுறுத்துபவையும் பல சமயம் இந்த வழியாகத்தான் வருகின்றன. குரோமைத் திறந்து, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போனால் அனுமதி வாங்கிய தளங்கள் வரிசையாக இருக்கும். எல்லாவற்றையும் நீக்குங்கள். வயதானவர்களின் போனில் இந்த ஓர் இடத்தைச் சுத்தம் செய்தாலே பாதி நிம்மதி வந்துவிடும்.

6. எஸ்எம்எஸ், விளம்பர அழைப்புகள்

இது சீக்கிரம் முடிகிற வேலை. உங்கள் சிம்மிலிருந்து 1909 என்ற எண்ணுக்கு ஆங்கிலத்தில் ஸ்டார்ட் என்று அடித்து, இடைவெளி விட்டு 0 போட்டு அனுப்பினால் விளம்பர அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் நிறுத்தச் சொல்லிப் பதிவாகும். வங்கிச் செய்தியும் ஓடிபியும் நிற்காது. இரண்டு சிம் இருந்தால் இரண்டிலிருந்தும் அனுப்ப வேண்டும். இதை மறக்கிறவர்கள் அதிகம்.

அனுப்பியவர் பெயரின் கடைசியில் கோடு போட்டு ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பணப் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. பி என்று முடிவதைத் திறந்துகூடப் பார்க்காமல் அழிக்கலாம்.

7. வாட்ஸ்அப்

நம் ஊரில் இதை அழித்துவிட்டு வாழச் சொல்வது நடக்காத காரியம். பள்ளி வீட்டுப்பாடம், அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர் லாரி, அலுவலக ஷிஃப்ட் மாற்றம், ஊர்த் திருவிழா வசூல் எல்லாம் இதில்தான். அதனால் வெட்டாமல் பிரித்து வைக்க வேண்டும்.

முதலில் எல்லா குரூப்பின் சத்தத்தையும் ஒரே அடியாக நிறுத்துங்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸில் குரூப்புக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. அதில் டோனை 'நன்' என்றும் வைப்ரேட்டை ஆஃப் என்றும் மாற்றினால் தனிநபர் மெசேஜுக்கு மட்டும் சத்தம் வரும். ஒவ்வொரு குரூப்பாக மியூட் செய்துகொண்டிருப்பவர்கள் பாதியில் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து, குரூப்களை மூன்றாகப் பிரியுங்கள்.

தகவல் வருகிற குரூப்: பள்ளி, குடியிருப்பு, வேலை. அப்படியே இருக்கட்டும், மேலே பின் செய்து வையுங்கள். நாளுக்கு இரண்டு முறை நீங்களாகப் போய்ப் பாருங்கள்.

உறவுக் குரூப்: காலை வணக்கப் படம், பிறந்தநாள் வாழ்த்து, யாரோ அனுப்பிய மருத்துவக் குறிப்பு. வெளியே வந்தால் மனஸ்தாபம் ஆகும். நிரந்தரமாக மியூட் செய்து, ஆர்க்கைவில், அதாவது சாட் பட்டியலிலிருந்து தனியாக ஒதுக்கி வைக்கும் இடத்தில் போடுங்கள். ஆர்க்கைவ் செய்த குரூப் புது மெசேஜ் வந்தாலும் மேலே ஏறி வராது. உங்கள் பெயரைக் குறிப்பிட்டு யாராவது எழுதினாலோ, உங்களுக்குப் பதில் போட்டாலோ தெரியவரும். அத்தை உங்களைக் கேட்டால் தெரியாமல் போகாது. இதைச் சொன்னதும் பலர் முகத்தில் ஒரு நிம்மதி வருவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களைத் தடுத்துக்கொண்டிருந்தது மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற பயம்தான்.

செத்துப்போன குரூப்: பத்து வருடத்துக்கு முன் முடிந்த கல்யாணம், போய் வந்த சுற்றுலா, விட்டு வந்த அலுவலகம். வெளியேறுங்கள். 2022-லிருந்து நீங்கள் போன அறிவிப்பு அட்மினுக்கு மட்டும்தான் போகும்.

குடியிருப்புக் குரூப்பில் ஒரு சிக்கல் எப்போதும் வரும். நாற்பது காலை வணக்கத்துக்கு நடுவில் 'மோட்டார் ரிப்பேர், 8 மணிக்கு மேல் தண்ணீர் வராது' என்று ஒரு வரி இருக்கும். மியூட் செய்தால் அது போய்விடும். இதற்கு அட்மினிடம் பேசுவதுதான் வழி. அட்மின் மட்டும் எழுதக்கூடிய அறிவிப்புக் குரூப் ஒன்று தனியாகத் தொடங்கச் சொல்லுங்கள். குரூப் செட்டிங்ஸில் ஒரு ஸ்விட்ச் மாற்றினால் ஆயிற்று. கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அட்மினும் அந்தக் காலை வணக்கங்களால் களைத்துப்போயிருப்பார்.

புதுக் குரூப்களில் தெரியாதவர்கள் இழுத்துப் போடாமல் இருக்க, பிரைவசி செட்டிங்ஸில் குரூப்ஸ் என்ற இடத்தில் 'மை கான்டாக்ட்ஸ்' என்று மாற்றுங்கள். 'லாஸ்ட் சீன்', 'ஆன்லைன்' இரண்டையும் மறைத்துவிட்டால், 'ஆன்லைன்ல இருந்தியே, ஏன் பதில் போடலை?' என்ற கேள்வி குறையும். உடனே பதில் போட வேண்டும் என்ற நெருக்கடியில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. படமும் வீடியோவும் தானாக டவுன்லோட் ஆவதை நிறுத்துங்கள், போனில் இடமும் மிச்சம்.

வீட்டிலிருந்தே புடவை, மசாலாப் பொடி, ஊறுகாய் விற்கிற பெண்களுக்கு இரவு 11 மணிக்கும் 'விலை என்ன அக்கா?' என்று வரும். பதில் போடாவிட்டால் ஆர்டர் போய்விடும் என்று எடுத்து எடுத்துப் பார்ப்பார்கள். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்புக்கு மாறினால் அவே மெசேஜ் வைக்கலாம். 'காலை 9 மணிக்குப் பதில் தருகிறேன், விலைப்பட்டியல் கேட்டலாகில் இருக்கிறது' என்று அதுவே சொல்லிவிடும். காத்திருக்கிறவருக்கு ஒரு நேரம் தெரிந்துவிட்டால் காத்திருப்பார்.

8. நாமாகப் போய்த் திறப்பவை

இப்போதுதான் யூடியூப், ரீல்ஸ் பக்கம் வருகிறோம். முந்தைய படிகளை முடித்து ஒரு வாரமாவது போகட்டும். கூப்பிடுகிற சத்தம் குறைந்தாலே திறக்கிற எண்ணிக்கை இறங்கியிருக்கும். எது மிச்சம் இருக்கிறதோ அதுதான் உண்மையான பழக்கம்.

ஹோம் ஸ்கிரீனிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் பக்கத்தில் வேலை முடிந்ததும் வெளியே வந்துவிடுகிற ஆப்கள் மட்டும்: போன், கேமரா, மேப், பணம் அனுப்புவது, ரயில் டிக்கெட். மற்றவற்றை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டுப் பெயரை அடித்துத் தேடித் திறங்கள். பெயரை அடிக்கிற அந்த நேரத்தில் 'எதுக்குத் திறக்கிறேன்?' என்று ஒரு நினைப்பு வரும். அது வந்தால் போதும்.

யூடியூபுக்கு மிகவும் உதவுவது ஹிஸ்டரியை அணைப்பது. வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்திவிட்டு, இருப்பதையும் அழித்துவிட்டால் முகப்புப் பக்கம் காலியாகிவிடும். 2023-லிருந்து இப்படித்தான் இருக்கிறது. தேடும் பெட்டி இருக்கும், சப்ஸ்கிரைப் செய்த சேனல்கள் அவற்றின் பக்கத்தில் இருக்கும். பஞ்சர் ஒட்டுவது எப்படி என்று பார்க்கப் போனால் அதைப் பார்த்துவிட்டு வரலாம். ஆட்டோபிளேயையும் அணையுங்கள். டிவியில் அதே கணக்கில் பார்க்கிற வீடு என்றால் முதலில் வீட்டில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அங்கேயும் காலியாகிவிடும்.

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்கை ஆப்பாக வைக்காமல் பிரவுசரில் திறப்பது நல்ல இடைவழி. ஆப்பை நீக்கினால் கணக்கு அழியாது. நண்பர்கள், படங்கள் எல்லாம் அப்படியே இருக்கும். இது தெரியாமல் பயந்தே நீக்காமல் இருக்கிறவர்கள் உண்டு. பிரவுசரில் அந்த வழுக்கல் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு முறையும் லாக்அவுட் செய்தால் இன்னும் குறையும்.

டைமர் போடுவதென்றால் இப்போதைய நேரத்திலிருந்து கொஞ்சம் மட்டும் குறைத்துப் போடுங்கள். இரண்டு மணி நேரம் பார்க்கிறவர் 15 நிமிடம் என்று போட்டால் அன்று மாலையே டைமரை எடுத்துவிடுவார். ஒன்றரை மணி நேரத்தில் ஆரம்பித்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இறக்குங்கள். ஆண்ட்ராய்டில் நேரம் முடிந்ததும் ஆப் சாம்பல் நிறமாகி நின்றுவிடும், நள்ளிரவில் மறுபடி திறக்கும். நள்ளிரவுக்கு மேல் விழித்திருக்கிறவர்களுக்குப் புது நாள் கணக்கு அந்த நேரத்திலேயே கிடைத்துவிடுகிறது. அவர்களுக்கு டைமரைவிட அடுத்த பகுதி அவசியம்.

9. இரவு

சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து எடுத்து ஹாலில் வையுங்கள். அலாரத்துக்குக் கடிகாரம். கடிகாரம் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. அலாரத்தை அணைக்கப் போனைத் தொட்டால் கண் விழித்ததும் முதல் வேலை அதுவாகிவிடும்.

வயதான பெற்றோர் தனியாக இருக்கிறார்கள், இரவில் கூப்பிடலாம் என்கிறவர்கள் ரிங்டோனை முழுச் சத்தத்தில் வைத்து, 4-வது பகுதியில் சொன்னதை இரவு நேரத்துக்குத் தானாக வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஹாலிலிருந்து கேட்கிறதா என்று கதவைச் சாத்திக்கொண்டு ஒருமுறை சோதியுங்கள். ஒரே அறை வீடென்றால், கை நீட்டினால் எட்டாத அலமாரி போதும்.

பெட்டைம் மோடில் திரையைக் கறுப்பு வெள்ளையாக்கும் வசதி உண்டு. படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அது வரும்படி வையுங்கள். நிறம் போனதும் ரீல்ஸ் எவ்வளவு சப்பென்று ஆகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

10. காலியாகும் நேரத்தில் என்ன

இதை விட்டுவிட்டு மேலே உள்ள எல்லாவற்றையும் செய்தவர்கள் ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிடுவதைப் பார்க்கிறேன். கைக்கு வேலை வேண்டும்.

2-வது பகுதியில் எழுதிய குறிப்பை எடுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் அங்கேயே கைக்கு எட்டுகிற ஒரு பொருளை வையுங்கள். சமையலறையில் ரேடியோ. டியூஷன் வாசலில் நிற்கும் நேரத்துக்குப் பையில் ஒரு சிறுகதைத் தொகுப்போ வார இதழோ. படுக்கைப் பக்கத்தில் பேப்பரும் குறுக்கெழுத்தும். 'புத்தகம் படிக்கணும்' என்ற முடிவு மட்டும் எடுத்து, புத்தகம் பீரோவில் இருந்தால் கை போனுக்குத்தான் போகும். அதுதான் பக்கத்தில் இருக்கிறது.

மாலையில் கை பரபரக்கிற நேரம் ஒன்று இருக்கும். அப்போது ஒருவருக்குப் போன் பண்ணிப் பேசுங்கள். போனைக் குறைக்கப் போனையே எடுக்கச் சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் பெரும்பாலோர் ரீல்ஸில் தேடுவது ஆள் துணையைத்தான் என்பது என் எண்ணம்.

11. வீட்டில் பிள்ளைகள் இருந்தால்

பெரியவர்கள் முதலில், பிள்ளைகள் பிறகு. அப்பா சாப்பிடும்போது ஸ்கோர் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும்.

ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. சோறூட்டப் போன் காட்டுவதுதான் நம் வீடுகளில் இதற்கு முதல் தடை. ஒரே நாளில் மூன்று வேளையும் நிறுத்தாதீர்கள். யாராவது கூட உட்கார முடிகிற ஒரு வேளையை மட்டும் எடுத்து நிறுத்துங்கள். அது பழகியதும் அடுத்த வேளை. ஊட்டுகிற பாட்டியிடமும் முன்பே பேசிவிடுங்கள், பாரம் அவர்மேல்தான் விழுகிறது.

பள்ளிக் குரூப்பில் வீட்டுப்பாடம் வந்தால் பிள்ளையிடம் போனைக் கொடுக்க வேண்டாம். நீங்கள் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். இரண்டு நிமிட வேலை. 'ஹோம்வொர்க் பார்க்கணும்' என்று வாங்கிய போன் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வருவது இதோடு நிற்கும்.

12. இந்தப் படிகள் போதாத இடம்

பணம் வைத்து ஆடுவது, அதற்காகக் கடன் வாங்குவது, தூக்கமே போய்விடுவது, பிள்ளை பள்ளிக்குப் போக மறுப்பது, போனை எடுத்தால் அடிக்க வருவது: இவற்றில் எது இருந்தாலும் செட்டிங்ஸ் மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸைக் கூப்பிடுங்கள், எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், எந்த நேரமும் கூப்பிடலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போன், இணையப் பழக்கத்திலிருந்து மீள முடியாதவர்களுக்கென்றே 2014-லிருந்து ஒரு தனி கிளினிக் நடக்கிறது. வீட்டில் இதை ஒழுக்கக் கேடாகப் பேசி அவமானப்படுத்தினால் மறைத்துச் செய்வார்கள், சிகிச்சை தள்ளிப்போகும்.

13. மாதம் ஒருமுறை

ஆப்கள் அப்டேட் ஆகும்போது புதிது புதிதாக நோட்டிஃபிகேஷன் வகைகள் வரும், பெரும்பாலும் 'ஆன்' நிலையிலேயே வரும். மாதம் ஒரு நாள், மின் கட்டணமோ வாடகையோ கட்டுகிற அன்று, நோட்டிஃபிகேஷன் பட்டியலை மேலிருந்து ஒருமுறை பாருங்கள். பத்து நிமிடம் ஆகும். புதுப் போன் வாங்கினால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும், நோட்டு அப்போது கை கொடுக்கும்.

புதிதாக எந்த ஆப் போட்டாலும் நோட்டிஃபிகேஷனுக்கு அனுமதி கேட்கும். ஆண்ட்ராய்டு 13-லிருந்து கேட்காமல் அனுப்ப முடியாது. முதலில் வேண்டாம் என்றே அழுத்துங்கள். உண்மையிலேயே தேவையென்றால் இரண்டு நாளில் உங்களுக்கே தெரிந்துவிடும், அப்போது திறந்துகொள்ளலாம்.